தலை தீபாவளிச் சீருக்கு வாஷிங் மெஷின்: தவணையில் வாங்கலாமா?

வாசகி கேள்வி:

மேடம், திண்டுக்கல் பக்கம் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. கணவர் நூற்பாலையில் வேலை பார்க்கிறார். நான் வீட்டிலேயே தைக்கிறேன். இரண்டு பேர் வருமானமும் சேர்ந்து மாதம் 41,000 ரூபாய் வரும். போன தீபாவளிக்கு 96,000 ரூபாய் செலவானது. வரி குறைந்திருக்கிறது என்று 43 இஞ்ச் டிவி 32,000-க்கு வாங்கினோம், கல்லூரியில் சேர்ந்த மகனுக்குப் போன் 18,000-க்கு. இரண்டும் தவணையில். துணிமணி 21,000, கிரெடிட் கார்டில். உறவுக்காரர்களுக்கு எடுத்துக் கொடுத்தது 12,000, பட்டாசு 7,000, பலகாரத்துக்கும் மளிகைக்கும் 6,000. போனஸ் வந்தது 14,000தான். போன் தவணை முடிந்துவிட்டது. டிவி தவணை புரட்டாசியில் முடியும். கார்டுக்கு மட்டும் மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையைக் கட்டி வருகிறோம். பத்து மாதத்தில் 10,000-க்கு மேல் கட்டியும் இன்னும் 18,800 பாக்கி காட்டுகிறது.

வைகாசியில் மகளுக்குக் கல்யாணம் முடிந்தது. தலை ஆடிக்கு அழைத்துச் சீர் செய்ய, முன்பு ஒரு அட்சய திருதியைக்கு வாங்கிய என் தோட்டை வங்கியில் அடகு வைத்தோம். இப்போது தலை தீபாவளி வருகிறது. என் தங்கை மகளுக்குத் தலை தீபாவளியில் ஃப்ரிட்ஜ் கொடுத்தார்கள். அந்தப் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் எல்லோரும் பார்த்தார்கள். "நாமும் வாஷிங் மெஷினாவது கொடுக்க வேண்டாமா, வட்டியில்லாத் தவணைதானே" என்கிறார் கணவர். மாப்பிள்ளை வீட்டில் எதுவும் கேட்கவில்லை. மாதம் 2,000 கட்டும் நகைக்கடைச் சீட்டு ஐப்பசியில் முடிகிறது. பக்கத்துத் தெருவில் தீபாவளிச் சீட்டு பிடிக்கிறார்கள், அடுத்த வருடத்துக்கு அதில் சேரலாமா? நாங்கள் ஆடம்பரமாக வாழ்கிறவர்கள் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு தீபாவளியும் கடனில்தான் முடிகிறது. முந்தின இரவு இரண்டு மணி வரை ஊருக்கு ரவிக்கை தைத்துவிட்டு, விடிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கக்கூடத் தெம்பில்லாமல் படுத்துவிடுகிறேன். சீசனில் தையலில் 15,000 ரூபாய் போலக் கூடுதலாக வரும். அதுவும் எங்கே போகிறது என்று தெரியவில்லை. எங்கே தப்பு செய்கிறோம் மேடம்?

குடும்ப நிதி ஆலோசகர் பதில்:

அன்புச் சகோதரிக்கு,

வாஷிங் மெஷின் வாங்க வேண்டாம். தவணையிலும் வேண்டாம், எங்கிருந்தாவது ரொக்கம் புரட்ட முடிந்தாலும் இந்தத் தீபாவளிக்கு வேண்டாம். மாப்பிள்ளை வீட்டில் கேட்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கேட்டிருந்தால் என் பதில் வேறு விதமாக இருந்திருக்கும். 1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம், கல்யாணத்தை ஒட்டி அதற்குப் பிறகு கேட்பதையும் சேர்த்தே தடுக்கிறது. நல்ல சம்பந்தி கிடைத்திருக்கிறார்கள். அவர்கள் கேட்காததை நாம் கடன் வாங்கிக் கொடுத்து ஒரு வழக்கத்தை ஆரம்பித்து வைக்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது கார்டு பாக்கிதான். நீங்கள் சொல்லும் தொகை சரியாகத்தான் இருக்கிறது, வங்கிக்காரர்கள் ஏமாற்றவில்லை. மாதம் 3.5 சதவீத வட்டி, அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, பாக்கியில் 5 சதவீதம் குறைந்தபட்சத் தொகை என்று போட்டுப் பார்த்தேன். 21,000 ரூபாய்க்குப் பத்து மாதத்தில் ஏறத்தாழ 10,400 ரூபாய் கட்டியிருப்பீர்கள். அதில் கடனைக் குறைத்தது 2,200 ரூபாய்தான். மீதி 8,200 ரூபாய் வட்டிக்கும் வரிக்கும் போய்விட்டது. போன வருடம் பட்டாசுக்கு ஆனதைவிட இது அதிகம். இன்னொன்றையும் கவனியுங்கள்: பழைய பாக்கி நிற்கும் வரை அந்தக் கார்டில் புதிதாக எதை வாங்கினாலும் வட்டியில்லாத நாட்கள் என்ற சலுகை கிடையாது. தேய்த்த அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். இந்த வருடம் துணியெடுக்க அந்தக் கார்டை எடுத்தால், போன வருடப் புடவைக்கும் இந்த வருடப் புடவைக்கும் சேர்த்தே அடுத்த ஐப்பசி வரை கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

அதனால் போனஸ் வந்ததும் முதல் வேலை, 14,000 ரூபாயையும் கார்டில் கட்டுவது. மிச்சம் 4,800 ரூபாய் சீசன் தையல் பணத்திலிருந்து. பாக்கி பூஜ்யமானதும் கார்டை மூடச் சொல்லி வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள். பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2022-ல் வகுத்த விதி. "வைத்துக்கொள்ளுங்கள், அவசரத்துக்கு உதவும்" என்று போனில் பேசுவார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

எங்கே தப்பு செய்கிறோம் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக இடம் எடுத்துக்கொள்ளப் போகிறேன். ஏனென்றால் என்னிடம் ஆலோசனைக்கு வரும் குடும்பங்களில் பெரும்பாலும் உங்களைப் போன்றவர்கள்தான்: வருடம் முழுக்க ஒவ்வொரு ரூபாயையும் எண்ணிச் செலவழிக்கிறவர்கள், பேருந்துக்குப் பதில் நடந்து போகிறவர்கள், ஆனால் ஐப்பசியில் மட்டும் கை நழுவிவிடுகிறவர்கள். இதை ஊதாரித்தனம் என்று நான் நினைக்கவில்லை. எந்த நாளில் வாங்க வேண்டும் என்ற முடிவு உங்கள் கையைவிட்டுப் போய்விட்டது. அதைக் கடைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

ஆடியைப் பாருங்கள். ஆடியில் கல்யாணம் வைக்க மாட்டோம். உழவர் வீட்டில் இருந்த காசு விதைக்குப் போகும் மாதம் அது. ஜவுளிக்கடையில் ஈ ஓட்டுவார்கள். தீபாவளிச் சரக்கு வந்து இறங்குவதற்குள் பழைய இருப்பைத் தள்ளிவிட விலையைக் குறைத்தார்கள். வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் நன்மையாக இருந்த ஏற்பாடுதான். இன்று ஆடிக்கென்றே சரக்கு இறக்கும் கடைகள் உண்டு. வியாபாரம் படுத்துக் கிடந்த மாதம் வருடத்தின் இரண்டாவது தீபாவளியாகிவிட்டது.

அட்சய திருதியை இன்னும் மனதை வருத்துகிற விஷயம். சித்திரை வெயிலில் வரும் நாள் அது. தண்ணீர்ப் பானை, விசிறி, குடை, தயிர்சோறு என்று வெயிலில் வாடுகிறவர்களுக்குத் தானம் கொடுக்கிற நாள். சமணர்கள் இதை ரிஷபநாதர் நெடிய நோன்பை முடித்துக் கரும்புச் சாறு அருந்திய நாளாகக் கொண்டாடுகிறார்கள். அங்கும் கொடுத்தவருக்குத்தான் புண்ணியம். கொடுத்தால் குறையாது என்ற நம்பிக்கை, நகை வாங்கினால் பெருகும் என்று மாறியது நம் காலத்தில்தான், நகைக்கடை விளம்பரங்களோடு சேர்ந்து. காலை ஆறு மணிக்குக் கடை திறந்து டோக்கன் கொடுக்கும் அளவுக்கு வந்துவிட்டது. அப்படி வாங்கிய உங்கள் தோடு இன்று வங்கிப் பெட்டகத்தில் இருக்கிறது. அதை வாங்கியது தப்பு என்று நான் சொல்லமாட்டேன், ஆபத்துக்கு உதவத்தான் நகை. ஆனால் அது உதவியது ஆபத்துக்கா, இன்னொரு பண்டிகைக்கா என்று மட்டும் யோசியுங்கள்.

அப்புறம் போனஸ். சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம். அதாவது வருடச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. கணக்காண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும். மார்ச்சில் ஆண்டு முடிந்தால் நவம்பர் கடைசி என்பதால் அது தீபாவளியோடு வந்து ஒட்டிக்கொண்டது. ஆகவே அது உங்கள் கணவர் உழைத்து ஈட்டிய கூலி. மேலிருந்து விழுந்த காசு என்று நாம் நினைப்பதால்தான் அது இரண்டே நாளில் கரைகிறது. மில்லில் என்றைக்குப் போனஸ் போடுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிவதற்கு முன்பே ஊரிலுள்ள எல்லா ஷோரூமுக்கும் தெரிந்துவிடுகிறது. உங்கள் போனுக்கு "75,000 ரூபாய் கடன் தயார்" என்று செய்தி வருவதும் அந்த வாரத்தில்தான்.

போன வருடம் வரியும் இதோடு சேர்ந்தது. 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி, நவராத்திரி தொடங்கிய அன்று, 32 இஞ்சுக்கு மேற்பட்ட டிவிக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. மத்திய அரசே அதற்குச் சேமிப்புத் திருவிழா என்று பெயர் வைத்தது. வரி குறைந்தது நல்லதுதான். ஆனால் 32,000 ரூபாய் டிவியில் உங்களுக்கு மிச்சமானது சுமார் 2,700 ரூபாய். அதற்காக 32,000 ரூபாய்க்குத் தவணை போட்டீர்கள். பழைய டிவி ஓடிக்கொண்டுதான் இருந்தது என்றால், அந்த 2,700 ரூபாயைச் சேமிப்பு என்று நான் எழுத மாட்டேன்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று கடைசித் தேதி. இன்றோடு முடிகிறது, இந்த வாரத்தோடு முடிகிறது, தீபாவளிக்குள் வாங்கினால்தான் என்று துரத்துகிறார்கள். வீட்டுக்கு என்ன வேண்டும் என்று நிதானமாக யோசித்தால் வருகிற பட்டியல் வேறு, கடைசித் தேதி துரத்தும்போது வருகிற பட்டியல் வேறு. அதனால் நான் எல்லோரிடமும் கேட்டுக்கொள்வது, செய்தித்தாளில் முழுப்பக்க விளம்பரம் ஆரம்பிப்பதற்கு முன், ஆவணியிலேயே, தீபாவளிச் செலவை எழுதி முடித்துவிடுங்கள் என்பதுதான். நீங்கள் சரியான நேரத்தில் எழுதியிருக்கிறீர்கள்.

இனி வட்டியில்லாத் தவணை. வட்டி சுழியம் என்பதே கிடையாது, வட்டியைக் கட்டணம் என்ற பெயரில் மறைத்து வாடிக்கையாளர் தலையில் வைக்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளைக் கண்டித்தது. அதன் பிறகு வேறு பெயரில், வேறு ஏற்பாட்டில் வருகிறது. 24,000 ரூபாய் மெஷினை மாதம் 2,000 வீதம் பன்னிரண்டு மாதம் கட்டச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கடன் கொடுக்கிறவர் 16 சதவீத வட்டி போட்டால், வட்டி மட்டும் சுமார் 1,950 ரூபாய். அதைக் கம்பெனியோ கடையோ தள்ளுபடி என்ற பெயரில் ஏற்றுக்கொள்வதாகக் காட்டுகிறார்கள். கார்டு வழியாகத் தவணை போட்டால் அந்த வட்டிக்கான 18 சதவீத ஜிஎஸ்டி, 350 ரூபாய், உங்கள் பில்லில் வரும். செயல்பாட்டுக் கட்டணம் என்று இன்னொரு இருநூறு, அதற்கு மேல் வரி. பெரிய தொகை இல்லைதான். உண்மையான நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. அதே கடையில் "மொத்தப் பணமும் ரொக்கமாகத் தருகிறேன், என்ன விலைக்குக் கொடுப்பீர்கள்" என்று கேட்டுப் பாருங்கள். பேரம் பேச இடமிருக்கிற கடையில் விலை கீழே இறங்கும். அந்த இறங்கும் தொகைதான் தவணைக்காரரிடம் மறைவாக வாங்கப்படும் வட்டி.

என்றைக்காவது தவணைக் கடன் எடுக்கத்தான் வேண்டும் என்று வந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் முக்கிய விவர அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். 2024 அக்டோபர் 1 முதல், கிரெடிட் கார்டு கடன் நீங்கலாக, தனிநபர்களுக்கான புதிய தவணைக் கடன்களுக்கு அது கட்டாயம். உங்களுக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். கட்டணங்கள் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு உண்மையில் எத்தனை சதவீதம் ஆகிறது என்ற எண் அதில் இருக்கும். அந்த ஒரு எண்ணைப் பார்த்தால் போதும். மகன் தெரியாமல் செயலியில் ஏதாவது கடனை அழுத்திவிட்டால் பதற வேண்டாம். குறைந்தது ஒரு நாளாவது யோசிக்க அவகாசம் தந்தாக வேண்டும் என்பது விதி. அதற்குள் அசலையும் அந்த நாளுக்கான வட்டியையும் திருப்பிக் கட்டி வெளியே வந்துவிடலாம். செயல்பாட்டுக் கட்டணம் என்று ஒரு சிறு தொகையை மட்டும் சில இடங்களில் பிடித்துக்கொள்வார்கள்.

சீர் விஷயத்துக்கு வருகிறேன். கணக்கு எளிது, இதுதான் கடினம். உங்கள் கணவருக்கு வாஷிங் மெஷின் மேல் ஆசை இல்லை. மகளைக் கட்டிக் கொடுத்த வீட்டில் அவள் தலை நிமிர்ந்து இருக்க வேண்டும் என்ற தகப்பன் தவிப்பு அது. அதை நான் மதிக்கிறேன். நீங்களும் "கடன்காரனாக்கிவிடுவீர்கள் போலிருக்கே" என்று அவரிடம் சண்டை போட வேண்டாம். ஆனால் அவரோடு உட்கார்ந்து ஒன்றை மட்டும் எண்ணிப் பாருங்கள். தலை ஆடி முடிந்தது. தலை தீபாவளிக்கு அப்புறம் இரண்டே மாதத்தில் தலைப் பொங்கல் வரிசை, நம் பக்கத்தில் பானை, கரும்பு, வெல்லம், துணி என்று அது தனிச் செலவு. நல்ல செய்தி வந்தால் வளைகாப்பு, பிரசவம், பேர் வைத்தல், காதுகுத்து. இப்போது மெஷினில் ஆரம்பித்தால் அடுத்த ஒவ்வொன்றும் அதற்கு மேலே போக வேண்டியிருக்கும், கீழே இறங்கினால் மதிப்புக் குறைந்ததாகப் பேசுவார்கள். எத்தனையோ வீடுகளில் முதல் வருடச் சீர்க் கடனை அடைப்பதற்குள் வளைகாப்புக் கடன் வந்து நிற்பதைப் பார்க்கிறேன். பிரசவத்துக்கு மகள் உங்கள் வீட்டுக்குத்தான் வருவாள். அன்றைக்குக் கையில் முப்பதாயிரம் ரூபாய் இருப்பது இன்றைக்கு மெஷின் கொடுப்பதைவிட அவளுக்குப் பெரிய சீர்.

தலை தீபாவளியின் வழக்கம் என்ன? பெண் வீட்டார் நேரில் போய் அழைப்பது. பிள்ளைகள் முந்தின நாளே வந்து தங்குவது. விடிகாலையில் எண்ணெய் வைத்து, வெந்நீர் விளாவி, லேகியம் கொடுத்து, மஞ்சள் தடவிய புதுத்துணியைப் பெரியவர்கள் கையால் வாங்குவது. வசதியிருந்தால் மாப்பிள்ளைக்கு ஒரு மோதிரம். இதில் ஃப்ரிட்ஜும் மெஷினும் வந்து சேர்ந்தது அண்மையில்தான். ஆகவே மரியாதையை எங்கே காட்ட வேண்டுமோ அங்கே காட்டுங்கள். போனில் அழைத்து முடித்துவிடாதீர்கள். நீங்கள் இருவரும் வெற்றிலை பாக்கு, பூ, பழத்தோடு சம்பந்தி வீட்டுக்கு நேரில் போங்கள். "பிள்ளைகளை முந்தின நாளே அனுப்பி வையுங்கள், எங்களால் முடிந்ததை மனநிறைவாகச் செய்கிறோம்" என்று உங்கள் கணவர் வாயால் சொல்லட்டும். அதற்கு முன் மகளிடம் தனியாகப் பேசுங்கள். அங்கே மெஷின் ஏற்கெனவே இருக்கிறதா என்றுகூட உங்கள் கடிதத்தில் இல்லை. தோடு அடகில் இருப்பதையும் அவளிடம் சொல்லிவிடுங்கள். பெற்றவர்கள் கடனைக் கல்யாணமான பெண்ணிடம் மறைப்பது வழக்கம்தான், ஆனால் அவளும் இந்தக் குடும்பத்துப் பெண். அவளுக்குத் தெரிந்திருந்தால் தன் பக்கத்திலிருந்தே பேச்சைச் சரியாகக் கொண்டு போவாள்.

தங்கை வீட்டு ஃப்ரிட்ஜ் பற்றி ஒன்றே ஒன்று. அதுவும் தவணையில் வந்ததா என்று ஸ்டேட்டஸ் படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அக்கா தங்கைக்குள் மனம்விட்டுக் கேட்க முடிந்தால் கேளுங்கள். உங்களைப் பார்த்து அவர்களும், அவர்களைப் பார்த்து நீங்களும் ஏறிக்கொண்டே போவதை நிறுத்த ஒரு வீடு வாய் திறந்தால் போதும்.

நகைக்கடைச் சீட்டை இந்த இடத்தில் பயன்படுத்துங்கள். அது ஏன் பதினொரு மாதத்தில் முடிகிறது தெரியுமா? பொருளுக்காக வாங்கிய முன்பணத்தை 365 நாட்களுக்குள் பொருளாகக் கொடுத்துவிட்டால் அது வைப்புத்தொகை ஆகாது என்பது 2014-ஆம் ஆண்டின் கம்பெனி வைப்புத்தொகை விதி. அதனால்தான் பெரும்பாலான கடைகள் பதினொன்றில் முடிக்கின்றன. பெரும்பாலும் பணமாகத் திருப்பித் தரமாட்டார்கள், நகையாகத்தான் எடுக்க வேண்டும். நீங்கள் கட்டிய 22,000-க்கு இன்றைய விலையில் இரண்டு கிராமே இழுபறிதான். அந்த எடைக்குள்ளேயே மாப்பிள்ளைக்கு ஒரு மோதிரம் எடுத்துவிடுங்கள். சேதாரம் எத்தனை சதவீதம் என்பதை எடை போடுவதற்கு முன்பே கேளுங்கள், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹால்மார்க் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். "இன்னும் பத்தாயிரம் சேர்த்தால் நல்லதாக எடுக்கலாமே அக்கா" என்பார்கள். சேர்க்காதீர்கள். எடுத்ததும் புதுச் சீட்டு எழுதச் சொல்வார்கள், அன்றைக்கு எழுதாமல் வந்துவிடுங்கள்.

பக்கத்துத் தெரு தீபாவளிச் சீட்டில் சேர வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. நடத்துகிறவர் நல்லவராகவே இருக்கலாம். மாதம் ஆயிரம் கட்டினால் ஐப்பசியில் பருப்பு, எண்ணெய், இனிப்பு, பட்டாசு, ஒரு வெள்ளிக்காசு என்று பட்டியல் போடுவார்கள். பதிவு இல்லாத சீட்டுக்கு எந்தப் பிணையும் கிடையாது. கம்பி நீட்டிவிட்டால் 1997-ஆம் ஆண்டின் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்கலாம், ஆனால் பணம் திரும்ப வருடக்கணக்காகும். எல்லாம் ஒழுங்காக நடந்தாலும், உங்களுக்கு எத்தனை கிலோ மைதா வேண்டும், எவ்வளவு பட்டாசு வேண்டும் என்பதை பன்னிரண்டு மாதத்துக்கு முன்பே வேறொருவர் முடிவு செய்துவிடுகிறார்.

இந்த வருடக் கணக்கு நான் போட்டது இது. தையல் பணம் 15,000-இல் கார்டுக்கு 4,800 போக மீதி 10,200. போன் தவணை முடிந்ததால் மிஞ்சுகிற பணத்தைப் புரட்டாசி, ஐப்பசி இரண்டு மாதமும் கை வைக்காமல் சேர்த்தால் 8,000 வரும் என்று நினைக்கிறேன். மொத்தம் 18,200. மகள், மாப்பிள்ளை துணிக்கு 6,500. உங்கள் மூன்று பேருக்கும் 4,500. பலகாரச் சாமானுக்கு 3,200, பட்டாசுக்கு 1,500, உறவுக்கும் தானத்துக்கும் 2,500. போன வருடம் 96,000 செலவழித்த வீட்டுக்கு இது அதிர்ச்சியாகத்தான் இருக்கும். மோதிரச் சீட்டு இதற்கு வெளியே என்பதை மறந்துவிடாதீர்கள்.

துணிக்குக் கோ-ஆப்டெக்ஸில் தீபாவளி சமயத்தில் 30 சதவீதத் தள்ளுபடி உண்டு. நெய்தவருக்கும் போய்ச் சேரும். உறவுகளில் வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டும் துணி, மற்ற எல்லோருக்கும் பலகாரத் தட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டாசு வெடிக்கத் தமிழ்நாட்டில் காலை ஆறிலிருந்து ஏழு, மாலை ஏழிலிருந்து எட்டு, ஆக இரண்டு மணி நேரம்தான் அனுமதி. அந்த இரண்டு மணி நேரத்துக்கு 7,000 ரூபாய் வேண்டுமா என்பதை மகனிடமே கேளுங்கள். அவனுக்கு உபதேசம் வேண்டாம். கார்டு பில் பத்தையும் அவன் கையில் கொடுத்து, கட்டியது எவ்வளவு, குறைந்தது எவ்வளவு என்று கூட்டி எழுதித் தரச் சொல்லுங்கள். கல்லூரிப் பிள்ளைக்கு அது போதும். இந்த வருடத் தீபாவளிக் கணக்கு நோட்டையும் அவனே எழுதட்டும்.

கடைசியாக உங்களைப் பற்றி. கடிதத்தில் கடனைவிட என் மனதில் நின்றது அந்த இரவு இரண்டு மணிதான். ஊரே புதுசு உடுத்த நீங்கள் தூங்காமல் தைக்கிறீர்கள். பெரிய ஜவுளிக்கடையில் நள்ளிரவு வரை புடவை விரித்துப் போடும் பெண்களும் அப்படித்தான். அவர்களுக்கு உட்கார இருக்கை வேண்டும் என்பதற்கே 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. நீங்கள் முதலாளியில்லாத தொழிலாளி. உங்களுக்கு யாரும் சட்டம் போடப் போவதில்லை, நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும். தீபாவளிக்குப் பத்து நாள் முன்னதாக வழக்கமான கூலிக்கு ஆர்டர் எடுப்பதை நிறுத்துங்கள். அதற்கு அப்புறம் வருகிறவர்களிடம் அவசரக் கூலி என்று கூடுதலாக வாங்குங்கள். பாதிப் பேர் முன்னதாகவே கொண்டுவருவார்கள், மீதிப் பேரிடம் வருமானம் கூடும். உங்கள் வீட்டுத் துணியை வரிசையில் கடைசியாக வைக்காமல் முதலில் தைத்து மடித்து வைத்துவிடுங்கள். முந்தின நாள் மதியத்துக்கு மேல் தையல் மெஷினுக்கு உறை போட்டுவிடுங்கள். மகள் வருகிறாள், அதிரசமோ முறுக்கோ அவளோடு சேர்ந்து சுடுவதற்கு அந்த மாலை வேண்டும். மாப்பிள்ளைக்கும் மகனுக்கும்கூட முறுக்கு பிழியத் தெரிந்துகொள்வது நல்லது.

டிவி தவணை முடிந்ததும் மாதம் 2,700 ரூபாய் விடுபடும். அதில் 2,000 ரூபாய்க்குக் கார்த்திகையிலிருந்து வங்கியில் பதினொரு மாதத் தொடர் வைப்பு ஆரம்பித்தால், அடுத்த தீபாவளிக்கு முன்னால் 22,000 ரூபாயும் வட்டியும் ரொக்கமாகக் கையில் இருக்கும். மீதி 700 ரூபாயைத் தோட்டுக் கடனில் அசலாகக் கட்டுங்கள். நகைக்கடனில் இடையிடையே அசலைக் கட்ட முடியுமா என்று வங்கியில் கேளுங்கள், கட்டினால் ரசீதில் அசல் வரவு என்று எழுதி வாங்குங்கள். தைப் பொங்கல் வரிசைக்கு எவ்வளவு என்பதைத் தீபாவளி முடிந்த வாரத்திலேயே இதே நோட்டில் எழுதிவிடுங்கள். ஆர்டர் வாங்கும் கடைசித் தேதியை ஓர் அட்டையில் எழுதி இந்த வாரமே வாசலில் மாட்டிவிடுங்கள்.